நிலம், கட்டட மதிப்பீட்டாளர் ஆக ஆன்லைன் படிப்பா, நேரடி வகுப்பா? முழுமையான வழிகாட்டி

சொத்து மதிப்பீட்டுத் தொழிலுக்கு வர நினைக்கும் சிவில் எஞ்சினியர்களும் ஆர்க்கிடெக்டுகளும் முதலில் கேட்பது இதைத்தான்: "ஆன்லைனில் படித்தால் போதுமா, நேரில் போய்த்தான் ஆக வேண்டுமா?" இதை ஒரே கேள்வியாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. மதிப்பீட்டாளர் ஆகும் பாதையில் நான்கு கட்டங்கள் உண்டு. அடிப்படைப் பட்டம், 50 மணி நேரப் பயிற்சி, தேர்வுக்கான தயாரிப்பு, களப் பழக்கம். ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. பட்டத்துக்கு ஆன்லைன் என்ற பேச்சே இல்லை. தேர்வுத் தயாரிப்புக்கு ஆன்லைனே மேல். களப் பழக்கத்துக்கு எந்த வகுப்பும் போதாது, சைட்டில்தான் நிற்க வேண்டும். யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடம் நடுவில் உள்ள 50 மணி நேரம் மட்டும்தான்.

படி 1: சட்டம் கேட்கும் தகுதி உங்களிடம் இருக்கிறதா?

பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள். இந்தியாவில் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் என்ற தகுதி 2013 கம்பெனிகள் சட்டத்தின் 247ஆம் பிரிவிலிருந்து வருகிறது. அதன் கீழ் 2017 அக்டோபரில் வந்த விதிகள்தான் நடைமுறையைச் சொல்கின்றன. பதிவு தரும் அமைப்பு ஐபிபிஐ, அதாவது இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியம். சொத்துகளை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: நிலமும் கட்டடமும், ஆலையும் இயந்திரமும், பங்குகளும் நிதிச் சொத்துகளும். இங்கே நாம் பேசுவது முதல் வகை.

நிலம், கட்டட வகைக்கு சிவில் எஞ்சினியரிங், கட்டடக்கலை, நகரமைப்பு இவற்றில் ஒன்றில் இளநிலைப் பட்டமும், பட்டம் பெற்ற பிறகு 5 ஆண்டு அனுபவமும் வேண்டும். இதே துறைகளில் முதுநிலைப் பட்டம் இருந்தால் 3 ஆண்டு போதும். ரியல் எஸ்டேட் மதிப்பீட்டிலேயே முதுநிலை படித்தவர்களுக்கும் 3 ஆண்டுதான். ஆனால் அந்தப் படிப்பு இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பாக இருக்க வேண்டும் என்று விதி வெளிப்படையாகச் சொல்கிறது. பலர் தவறுவது இங்கேதான். மாலை நேரத்திலோ வீட்டிலிருந்தோ முடித்த மதிப்பீட்டுச் சான்றிதழ் அறிவுக்கு நல்லது, தகுதிக் கணக்கில் சேராது.

இளநிலைப் பட்டத்திலும் இதே கதைதான். பொறியியல், கட்டடக்கலைப் பட்டங்களைத் தொலைநிலைக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்த யுஜிசியின் 2020 விதிமுறைகள் இடம் தரவில்லை. பாலிடெக்னிக் டிப்ளமோ மட்டும் வைத்திருப்பவர்கள் பல மதிப்பீட்டு அலுவலகங்களில் அளவெடுப்பது முதல் ரிப்போர்ட் டைப் செய்வது வரை எல்லா வேலையும் செய்கிறார்கள். அந்த அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் சொந்தப் பெயரில் பதிவு பெற வேண்டுமானால் பகுதி நேர பி.இ. போன்ற அங்கீகாரம் பெற்ற வழியில் பட்டத்தை முடித்தாக வேண்டும்.

அனுபவச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, செய்த வேலையின் தன்மை நான்கும் அதில் இருக்க வேண்டும். "நம் நிறுவனத்தில் பணிபுரிந்தார்" என்ற ஒற்றை வரிக் கடிதத்தோடு விண்ணப்பித்து, மூடிப்போன ஒப்பந்த நிறுவனத்தின் உரிமையாளரைப் பிறகு தேடி அலைய வேண்டாம்.

படி 2: 50 மணி நேரப் பயிற்சியை எங்கே, எப்படிப் படிப்பது

பதிவு பெற ஐபிபிஐயின் மதிப்பீட்டுத் தேர்வில் தேற வேண்டும். அந்தத் தேர்வை எழுத வேண்டுமானால், பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் அமைப்பு ஒன்றில் சேர்ந்து அது நடத்தும் பயிற்சியை முடிக்க வேண்டும். ஆர்விஓ என்று சுருக்கமாகச் சொல்வது இந்த அமைப்பைத்தான். ஐபிபிஐ அங்கீகரித்த ஆர்விஓக்களின் பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. பெயர் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது, நிலம், கட்டட வகைக்கு அந்த அமைப்புக்கு அங்கீகாரம் உண்டா என்றும் பாருங்கள். சில அமைப்புகளுக்கு எல்லா வகைகளுக்கும் அனுமதி இருக்காது.

ஆர்விஓ அல்லாத எத்தனையோ தளங்கள் "சொத்து மதிப்பீட்டாளர் சான்றிதழ்" என்று படிப்புகளை விற்கின்றன. சில நன்றாகவே பாடம் நடத்துகின்றன. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துத் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இதை முடித்தால் ஐபிபிஐ தேர்வு எழுதத் தகுதி கிடைக்குமா?" பதில் சுற்றி வளைத்து வந்தால் விட்டுவிடுங்கள்.

ஆரம்பத்தில் இந்தப் பயிற்சி வகுப்பறையில்தான் நடந்தது. 2020 ஊரடங்கின்போது ஆன்லைனுக்கு மாறியது. நீங்கள் சேரும் பேட்ச் எந்த முறையில் நடக்கும் என்பதை ஆர்விஓவின் அறிவிப்பிலிருந்து எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னதை நம்பி விடுமுறை போட வேண்டாம்.

ஆன்லைன் பயிற்சி என்றால் பதிவு செய்த வீடியோவை இரவு பதினொரு மணிக்குப் பார்ப்பது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆர்விஓ பயிற்சியில் அது செல்லாது. நேரலை வகுப்பில் வருகை எடுப்பார்கள், கேமராவை ஆன் செய்யச் சொல்வார்கள். மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். 50 மணி நேரத்தை ஏழு நாளில் முடித்தால் நாளுக்கு ஏழு மணி நேரத்துக்கும் மேல் திரை முன் இருக்க வேண்டும். சனி, ஞாயிறு மட்டும் நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் நான்கு வார இறுதி தாண்டி ஐந்தாவதிலும் ஒரு பகுதி போகும். சைட்டில் இருந்துகொண்டே போனைக் காதில் வைத்துக் கேட்கும் படிப்பு அல்ல இது. கான்கிரீட் போடும் நாளில் வகுப்பில் உட்கார்ந்தால் இரண்டுமே கெடும்.

சேரும் முன் அமைப்பிடம் கேட்க வேண்டியவை:

- தவறிய வகுப்பை எப்படி ஈடுகட்டுவது, அடுத்த பேட்சில் உட்கார விடுவார்களா?
- பாடம் எடுப்பவர்களில் இன்றும் தொழில் செய்யும் மதிப்பீட்டாளர்கள் எத்தனை பேர்?
- பெயர், விலாசம் நீக்கிய உண்மையான ரிப்போர்ட்டுகளைக் காட்டுவார்களா?
- ஒரு நாளாவது சைட்டுக்கு அழைத்துப் போவார்களா?
- மாணவர் போட்ட கணக்கைத் திருத்தித் தருவார்களா?

ஐந்தில் முக்கியமானது கடைசிக் கேள்விதான். காரணம் அடுத்த படியில்.

படி 3: பாடத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்

பாடத்திட்டத்தில் பொருளாதாரம், கணக்குப் பதிவியல், பொதுச் சட்டம், நிலம் சார்ந்த சட்டங்கள், தொழில் நெறி, மதிப்பீட்டின் மூன்று அணுகுமுறைகள், வழக்குத் தீர்ப்புகள் எல்லாம் வரும். இவற்றில் சட்டம், பொருளாதாரம், கணக்குப் பதிவியல், நெறிமுறை ஆகியவை ஆன்லைனுக்கே பொருத்தமானவை. சொத்துரிமை மாற்றுச் சட்டம் சொல்லும் குத்தகைக்கும் வசதியுரிமைச் சட்டம் சொல்லும் உரிமத்துக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு முறை திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும், வகுப்பறையில் ஆசிரியரை அப்படித் திருப்ப முடியாது. பத்து ஆண்டு சைட்டில் இருந்த எஞ்சினியருக்கு இந்தச் சட்டப் பகுதிதான் கடினம், கட்டடப் பகுதி இல்லை. அவருக்குப் பதிவு செய்த பாடங்கள் பெரிய உதவி.

ஒப்பீட்டு முறை, அதாவது விற்பனையான வேறு சொத்தின் விலையை வைத்து மதிப்பிடுவது, அப்படியல்ல. நேரில் ஒருவர் உங்கள் தாளைப் பார்த்துத் திருத்த வேண்டிய பாடம் அது. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த மனை ஆறு மாதத்துக்கு முன் சதுர அடி 5,000 ரூபாய்க்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். அது மூலை மனை, முன்னால் 30 அடி ரோடு. நீங்கள் மதிப்பிடும் மனை நடுவில் இருக்கிறது, முன்னால் 20 அடி ரோடுதான். ஆறு மாதத்தில் விலை ஏறியதற்கு 3 சதவீதம் கூட்ட வேண்டும். ஒப்பீட்டு மனை மூலையில் இருப்பதால் 5 சதவீதமும், ரோடு அகலமாக இருப்பதால் 7 சதவீதமும் கழிக்க வேண்டும். மொத்தத்தில் 9 சதவீதம் குறைந்து, சதுர அடி 4,550 ரூபாய் வரும்.

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு, கூட்டலையும் கழித்தலையும் மாற்றிப் போடுவது. "என் மனை மூலை இல்லை, அதற்காகச் சரிக்கட்ட வேண்டும்" என்று கூட்டிவிடுகிறார்கள். எல்லாமே தலைகீழானால் விடை 5,450 ஆகிவிடும். சதுர அடிக்கு 900 ரூபாய் வித்தியாசம், ஒரு கிரவுண்டுக்கு, அதாவது 2,400 சதுர அடிக்கு, 21 லட்சத்து 60 ஆயிரம். சரிக்கட்டுவது எப்போதும் ஒப்பீட்டுச் சொத்தின் விலையைத்தான். அது உயர்வாக இருந்தால் கழி, தாழ்வாக இருந்தால் கூட்டு. திரையில் பார்க்கும்போது இது எளிதாகப் புரிந்த மாதிரிதான் இருக்கும். பேனா பிடித்து நாலு மனைக்குப் போடும்போதுதான் கை தடுமாறும். அப்போது பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். இந்தப் பகுதிக்கு நேரடி வகுப்பு கிடைத்தால் விடாதீர்கள். ஆன்லைன் என்றால் போட்ட தாளைப் படமெடுத்து அனுப்பித் திருத்தம் கேட்டு வாங்குங்கள்.

இன்று கட்ட ஆகும் செலவிலிருந்து மதிப்பிடும் செலவு அணுகுமுறையிலும் ஒரு வழுக்கல் உண்டு. 1,200 சதுர அடிக் கட்டடம், இன்று கட்டினால் சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்றால் 26 லட்சத்து 40 ஆயிரம். கட்டடத்துக்கு வயது 20, மொத்த ஆயுள் 60, கடைசியில் மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம் என்று எடுத்தால் தேய்மானம் 20/60 × 90, அதாவது 30 சதவீதம். கட்டட மதிப்பு 18 லட்சத்து 48 ஆயிரம். இதோடு நிலத்தின் மதிப்பைக் கூட்ட வேண்டும். மொத்தச் சொத்தின் மேல் தேய்மானத்தைப் போட்டு நிலத்தையும் தேய வைப்பவர்கள் இருக்கிறார்கள். நிலத்துக்குத் தேய்மானம் இல்லை. அடுக்குமாடி வீட்டில் இந்த நிலம் பிரிக்கப்படாத பங்காக வரும், அதைப் பத்திரத்தில் பார்த்து எடுக்க வேண்டும், விளம்பரத் தாளில் அல்ல.

படி 4: டேப்பைப் பிடித்து நிற்காமல் வராத அறிவு

பத்திரத்தில் மனை 40க்கு 60 அடி. சைட்டில் டேப் போட்டால் அகலம் 38 அடி 6 அங்குலம். ஒன்றரை அடி எங்கே போனது? இரண்டு பக்கமும் ஒன்பது அங்குலக் காம்பவுண்டுச் சுவர் நிற்கிறது. இரண்டின் உள்முகத்துக்கு நடுவே அளந்தால் சரியாக ஒன்றரை அடி குறையும். இரண்டு சுவரும் இந்த மனைக்குள் கட்டியவை என்றால் நிலம் குறையவில்லை. இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் நிலத்தில் கட்டியவை என்றால் 60 அடி நீளத்துக்கு 90 சதுர அடி காணவில்லை, சதுர அடி 5,000 என்றால் 4 லட்சத்து 50 ஆயிரம். சுவர் யாருடையது என்று இரு பக்கத்தாரிடமும் கேட்டு, புல வரைபட அளவோடு ஒப்பிட்டு, அளந்த முறையை ரிப்போர்ட்டில் எழுத வேண்டும்.

எந்த வீடியோவும் இதைச் சொல்லிவிடும். ஆனால் அந்த இடத்தில் நின்று கேட்க வேண்டும் என்று தோன்றுவது பழக்கத்தில்தான் வரும். ஆன்லைன் பயிற்சி எடுத்தவர்கள் இந்தக் குறையைத் தாங்களாகவே ஈடுகட்ட வேண்டும். ஏற்கெனவே பதிவுபெற்ற ஒருவரின் கீழ் வாரம் ஒரு நாளாவது சைட்டுக்குப் போங்கள். முதல் பத்து சைட்டில் நீங்கள் தனியாக அளந்து, படம் வரைந்து, மதிப்பை எழுதி உறையில் போட்டு வையுங்கள். பிறகு அவருடைய எண்ணோடு ஒப்பிடுங்கள். எங்கே விலகினீர்கள் என்று அவரிடம் கேட்பதில்தான் படிப்பே இருக்கிறது.

பட்டா, சிட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி, கட்டட வரைபடம் இவற்றைக் கையில் வைத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கப் பழகுங்கள். பத்திரத்தின் சர்வே எண்ணும் பட்டாவின் உட்பிரிவு எண்ணும் பொருந்துகிறதா, பத்திரத்தில் சென்டில் எழுதியதைச் சதுர அடிக்கு மாற்றினால் சரியாக வருகிறதா என்று பாருங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 435 என்று முழுமையாக்கினால் ஒரு ஏக்கரில் 60 சதுர அடி போய்விடும். இன்னொன்று, பத்திரத்தில் எழுதும் விலை பல இடங்களில் அரசின் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே இருக்கும். அதையே சந்தை விலை என்று எடுத்துக்கொண்டால் ஒப்பீடு அடியிலேயே தப்பாகிவிடும். அக்கம்பக்கத்தில் குறைந்தது மூன்று பேரிடம் விசாரித்து, யார் சொன்னது, எந்தத் தேதி என்று குறித்து வைக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

படி 5: தேர்வு

ஆன்லைன் தேர்வு என்று பெயர் இருந்தாலும் வீட்டிலிருந்து எழுத முடியாது. தேர்வு மையத்துக்குப் போய்க் கணினியில் எழுத வேண்டும். கால அளவு 2 மணி நேரம், மொத்தம் 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 60 சதவீதம், தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் 25 சதவீதம் குறைப்பார்கள்.

இந்தக் குறைப்பைக் கண்டு பயந்து பல கேள்விகளை விட்டுவிட்டு வருகிறார்கள். நான்கு விடைகளில் இரண்டைத் தவறு என்று உறுதியாக நீக்க முடிந்தால், மிச்ச இரண்டில் ஒன்றைக் குறிப்பது லாபம்தான். பாதி நேரம் ஒரு மதிப்பெண் வரும், மீதி நேரம் கால் மதிப்பெண் போகும், சராசரியில் 0.375 கையில் நிற்கும். ஒன்றையும் நீக்க முடியாத கேள்வியில் சராசரி 0.06க்குச் சற்று மேல்தான். அதற்கு நேரத்தைச் செலவிட வேண்டாம்.

தேர்வுத் தயாரிப்புக்கு ஆன்லைன் மாதிரித் தேர்வுகளே சிறந்தவை, ஏனென்றால் உண்மைத் தேர்வும் திரையில்தான். ஆனால் எக்செல் இல்லாமல் பழகுங்கள். நினைவகம் இல்லாத சாதாரணக் கால்குலேட்டர்தான் துணை. 10 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டு கழித்து வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பைக் கேட்டால், 1.1ஐ ஐந்து முறை பெருக்கி 1.61051 வரவழைத்து, 1ஐ அதனால் வகுத்து 0.6209 என்று ஒரு நிமிடத்துக்குள் எடுக்கக் கை பழக வேண்டும். பயிற்சி முடிந்து ஆறு எட்டு வாரத்துக்குள் தேர்வை எழுதிவிடுங்கள். தள்ளிப்போட்டால் முதலில் மறப்பது சட்டப் பிரிவு எண்கள்தான்.

படி 6: பதிவு, அதற்குப் பிறகு

தேறிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தாண்டினால் மறுபடி தேர்வுதான். ஆர்விஓவில் உறுப்பினராகி, அதன் பரிந்துரையோடு ஃபார்ம் ஏ விண்ணப்பம் போகும். விண்ணப்பக் கட்டணம் 5,000 ரூபாயும் வரியும், அது திரும்பக் கிடைக்காது.

2019 பிப்ரவரி 1 முதல் திவால் சட்ட நடைமுறைகளில் மதிப்பீட்டைப் பதிவுபெற்றவர்கள் மட்டுமே செய்ய முடியும். வங்கி வேலை அப்படித் தானாக வராது. ஒவ்வொரு வங்கிக்கும் தனிப் பேனல் (மதிப்பீட்டாளர் பட்டியல்), தனி நிபந்தனை. புதியவருக்கு முதல் வேலைகள் பெரும்பாலும் மூத்த மதிப்பீட்டாளர் வழியாகத்தான் வரும். நேரடி வகுப்பின் உண்மையான பலன் பாதிக்கு மேல் இங்கேதான். ஏழு நாள் ஒன்றாக உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டவர் பிறகு வேறு மாவட்டச் சைட்டுக்கு உங்களைக் கூப்பிடுவார். ஆன்லைனில் படித்தவர்கள் ஆர்விஓ நடத்தும் தொடர் கல்விக் கூட்டங்களுக்கு நேரில் போய் இந்தத் தொடர்பைக் கட்ட வேண்டும்.

யாருக்கு எது?

அரசுத் துறையிலோ பெரிய ஒப்பந்த நிறுவனத்திலோ கட்டடம் கட்டிப் பழகியவர், ஊருக்கு அருகில் பயிற்சி இல்லாதவர் என்றால் ஆன்லைன் போதும். உங்களுக்குக் கட்டடத்தைப் பார்க்கத் தெரியும், சட்டமும் கணக்கும்தான் தேவை. டிசைன் அலுவலகத்தில் திரையிலேயே ஐந்து ஆண்டு கழித்த எஞ்சினியர், ஆர்க்கிடெக்ட் என்றால் செலவானாலும் நேரடி வகுப்புக்குப் போங்கள். இல்லாவிட்டால் உங்கள் அனுபவத்தில் சைட் என்ற பகுதி காலியாகவே இருந்துவிடும். வீட்டுப் பொறுப்பால் ஒரு வாரம் வெளியூரில் தங்க முடியாதவர்கள் ஆன்லைனை எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் பயண, தங்கும் செலவை உள்ளூர் மதிப்பீட்டாளரோடு சைட் போகும் நாட்களுக்கு ஒதுக்குங்கள். ஆங்கிலத்தில் நீளமாக எழுதத் தயங்குபவர்களுக்கும் நேரடி வகுப்பையே சொல்வோம். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் இடைவேளையில் தமிழில் கேட்டுத் தெளிவு பெறலாம்.

எந்த வழியில் படித்தாலும், பயிற்சி முடியும் முன் ஒரு முழு ரிப்போர்ட்டை உங்கள் கையால் எழுதிவிடுங்கள். யார் நியமித்தது, என்ன நோக்கம், சொத்தில் உங்களுக்கு ஏதும் ஆதாயம் உண்டா, நியமனத் தேதி, மதிப்பீட்டுத் தேதி, ரிப்போர்ட் தேதி, என்ன பார்வையிட்டீர்கள், தகவல் எங்கிருந்து வந்தது, எந்தத் தரநிலை, என்ன முறை, எதை வைத்து முடிவு, எந்த வரம்புக்குள் என்று விதி கேட்கும் எல்லாம் அதில் இருக்க வேண்டும். சொந்த வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரமும் டேப்பும் கையில்தான் இருக்கின்றன. எழுதியதை வகுப்பெடுத்தவரிடம் கொடுத்துச் சிவப்பு மையில் திருத்தித் தரச் சொல்லுங்கள்.